பிரசவ அறையோடு முடிந்துவிடும் அக்கறை: பேறுகாலத்துக்குப் பிந்தைய சிறுநீர்ப் பாதைத் தொற்றும் தலித் தாய்மார்களும்

தமிழ்நாட்டின் பொதுச் சுகாதாரம் பற்றிப் பேசும் எவரும் முதலில் எடுத்துவைக்கும் எண் 99.6. ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) இம்மாநிலத்தில் நிகழும் பிரசவங்களில் அத்தனை விழுக்காடு மருத்துவமனைகளிலேயே நடக்கின்றன. அடுத்து வரும் எண் 54. ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 54 தாய்மார்கள் இறந்தனர் என்பது 2018–20ஆம் ஆண்டுகளுக்கான மாதிரிப் பதிவுக் கணக்கு. அதே காலத்தில் இந்தியச் சராசரி 97. இவ்விரு எண்களும் எளிதில் கிடைத்தவை அல்ல. கிராம சுகாதார செவிலியர்களின் பல்லாண்டு உழைப்பும், ஒவ்வொரு தாயின் இறப்பையும் தனித்தனியே விசாரிக்கும் நிர்வாக மரபும் அவற்றின் பின்னால் உள்ளன. இவற்றைக் குறைத்து மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று.

ஆயினும் இவ்வெண்கள் எவற்றை அளக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். பிரசவம் எங்கே நடந்தது என்பதை ஒன்று சொல்கிறது. தாய் இறந்தாளா என்பதை மற்றொன்று சொல்கிறது. இறக்காத தாய் எந்நிலையில் வீடு திரும்பினாள், திரும்பிய பின் என்ன ஆனாள் என்பதைச் சொல்லும் எண் நம்மிடம் இல்லை. பிரசவத்துக்குப் பிந்தைய 42 நாள்களைப் பேறுகாலத்தின் பகுதியாகவே மருத்துவம் கருதுகிறது. அந்த 42 நாள்களில் பெண்களை மிகச் சாதாரணமாகத் தாக்குவதும், மலிவாகக் கண்டறியக்கூடியதும், சில நாள் மருந்தில் குணமாகக்கூடியதுமான ஒரு நோய் சிறுநீர்ப் பாதைத் தொற்று. அரசின் அக்கறை எவ்விடத்தில் நின்றுபோகிறது என்பதையும், நின்றுபோகும் அவ்விடத்தில் சாதி எவ்வாறு வேலை செய்கிறது என்பதையும் இந்த எளிய நோயைக் கொண்டே பார்த்துவிடலாம்.

உடலில் என்ன நடக்கிறது

பெண்ணின் சிறுநீர் வெளியேறும் குழல் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் நீளமே உடையது. ஆகவே குடலில் இயல்பாக வாழும் ஈ கோலை போன்ற கிருமிகள் சிறுநீர்ப்பையை எட்டுவது எளிது. கருவுற்ற காலத்தில் புரோஜெஸ்டிரோன் சுரப்பின் விளைவாகச் சிறுநீரகத்திலிருந்து சிறுநீரைக் கொண்டுவரும் நாளங்கள் தளர்ந்து விரிகின்றன. வளரும் கருப்பை அவற்றின்மேல் அழுத்துகிறது. சிறுநீர் தேங்கி நிற்கிறது. குழந்தை பிறந்ததும் இந்நிலை மறைந்துவிடுவதில்லை. நாளங்கள் பழைய அளவுக்குத் திரும்பச் சில வாரங்கள் பிடிக்கும்.

பிரசவம் தன் பங்குக்கு மேலும் சிலவற்றைச் சேர்க்கிறது. குழந்தையின் தலை இறங்கும்போது சிறுநீர்ப்பையின் கழுத்துப் பகுதி நசுங்கி வீங்குகிறது. முதுகில் போடும் மயக்க ஊசியாலோ, நீண்ட நேர வலியாலோ சிறுநீர்ப்பை தன் உணர்வை இழந்துவிடுவதுண்டு. பை நிறைந்திருந்தும் பெண்ணுக்கு அவ்வுணர்வு வருவதில்லை. அதே வேளையில், கர்ப்பகாலத்தில் உடலில் சேர்ந்திருந்த நீர் முழுவதும் முதல் சில நாள்களில் சிறுநீராக வெளியேறத் தொடங்குகிறது. உணர்வற்ற பை ஒருபுறம், வழக்கத்தைவிடப் பன்மடங்கு சிறுநீர் மறுபுறம். தேங்கிய சிறுநீர் கிருமிகளுக்கு வளமான வயல். பிரசவம் முடிந்து 6 மணி நேரத்துக்குள் பெண் சிறுநீர் கழித்தாளா என்பதைச் செவிலியர் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும் என்ற விதி இதனால்தான் உருவானது.

அறுவைப் பிரசவமாயின் சிறுநீர் டியூப் செருகப்படும். டியூப் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் கிருமி படியும் வாய்ப்பு 3 முதல் 7 விழுக்காடு வரை கூடுகிறது என்பது தொற்றுத் தடுப்பு மருத்துவத்தில் நிலைபெற்ற கணக்கு. எனவே பெண் எழுந்து நடமாடத் தொடங்கியதும், மயக்கத்தின் தாக்கம் நீங்கியதும், காலம் தாழ்த்தாமல் அதை எடுத்துவிட வேண்டும். தமிழ்நாட்டில் அறுவைப் பிரசவம் 44.9 விழுக்காடு, தனியார் மருத்துவமனைகளில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. அதாவது, ஏழைப் பெண்கள் பெரும்பாலும் நாடும் அரசு மருத்துவமனையிலும் மூவரில் ஒருவருக்கு மேல் டியூப் போடப்படுகிறது. தேவையான அறுவை உயிர் காக்கிறது என்பதில் ஐயமில்லை. தேவையற்ற ஒவ்வொரு அறுவையும் தேவையற்ற ஒரு டியூப்பையும் கொண்டுவருகிறது.

மேலைநாட்டு ஆய்வுகள் பிரசவித்த பெண்களில் 2 முதல் 4 விழுக்காட்டினருக்கு இத்தொற்று வருவதாகச் சொல்கின்றன. ஆண்டுக்கு எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறக்கும் தமிழ்நாட்டுக்கு அதன் கீழெல்லையைப் பொருத்தினால்கூட 16,000 பெண்கள். கழிப்பறையும் தண்ணீரும் தடையின்றிக் கிடைக்கும் நாடுகளின் விகிதம் இது என்பதை மறக்கலாகாது.

கவனிக்கப்படாத தொற்று சிறுநீர்ப்பையோடு நிற்காது. சிறுநீரகத்தை எட்டினால் குளிர்சுரமும், விலாப்புற வலியும், வாந்தியும் வரும். இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. உலகளவில் மகப்பேறு இறப்புகளில் பத்தில் ஒன்றுக்குச் சீழ்நிலைத் தொற்று காரணம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2014இல் கணக்கிட்டது. கருப்பைத் தொற்று, தையல் புண், சிறுநீரகத் தொற்று எல்லாம் அக்கணக்கில் அடக்கம்.

வார்டின் கழிப்பறை

பேறுகாலத் தரத்தை உயர்த்துவதற்கென ஒன்றிய அரசு 2017 டிசம்பரில் லக்ஷ்யா என்னும் திட்டத்தைத் தொடங்கியது. அதன் கவனம் பிரசவ அறையிலும் மகப்பேறு அறுவை அரங்கிலும் குவிந்துள்ளது. அவ்விரு அறைகளிலும் பெண் கழிப்பது சில மணி நேரம். அதன்பின் அவள் மாற்றப்படும் பிந்தைய வார்டு பரிசோதகர்களின் கண்ணுக்கு அவ்வளவாகப் படுவதில்லை.

அந்த வார்டுக்குள் சென்று பார்த்தவர்களுக்கு அதன் நிலைமை தெரியும். ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் இன்னொன்று, தரையில் பாய், முப்பது நாற்பது பெண்களுக்கு இரண்டு மூன்று கழிப்பறைகள், அவற்றுள் ஒன்று பூட்டிக் கிடக்கும், ஒன்றில் தாழ்ப்பாள் இருக்காது. தையலோடு குந்தி உட்கார முடியாத பெண்ணுக்கு மேலைநாட்டுக் கழிப்பறை இருப்பதில்லை. தண்ணீர் வாளியைத் துணைக்கு வந்தவர் தூக்கிவர வேண்டும். இரவில் துணைக்கு ஆள் இல்லையெனில் விடியும்வரை அடக்கிக்கொள்வாள். மருத்துவ நூல் சிறுநீர்த் தேக்கம் என்று எழுதுவதை, வார்டில் அது இப்படித்தான் உண்டாகிறது. இதற்கு மயக்க ஊசி மட்டுமே காரணமன்று.

இங்கே இன்னொரு கூட்டத்தையும் காண வேண்டும். அக்கழிப்பறைகளைக் கழுவுகிறவர்கள். பெரும்பாலான அரசு மருத்துவமனைகளில் துப்புரவுப் பணி தனியார் ஒப்பந்தத்துக்கு விடப்பட்டுவிட்டது. அப்பணியில் இருப்போரில் மிகப் பெரும்பான்மையினர் தலித் பெண்கள் என்பதை எவரும் புள்ளிவிவரம் காட்டி நிறுவ வேண்டியதில்லை. இருவர் செய்ய வேண்டிய வேலையை ஒருவர் செய்கிறார், கழிப்பறை நாறுகிறது, செவிலியர் அவரைத் திட்டுகிறார், நோயாளியும் அவரையே திட்டுகிறார். ஒப்பந்தத்தில் ஆள்குறைத்த நிறுவனம் அந்த வார்டுக்கே வருவதில்லை. சென்னை மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர்கள் 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன் நடத்திய போராட்டத்தில், ஐந்தாம், ஆறாம் மண்டலங்களின் பணியைத் தனியாருக்கு விடுவதை எதிர்த்தார்கள். அதைக் கூலிப் பிரச்சினை என்று மட்டும் படித்தவர்கள், துப்புரவுப் பணி ஒப்பந்தமயமாவதற்கும் வார்டில் கிடக்கும் தாயின் காய்ச்சலுக்கும் உள்ள தொடர்பைக் காணத் தவறினார்கள்.

இன்னொரு நுட்பமான செய்தி. தொற்றை உறுதிசெய்யச் சிறுநீர்ச் சோதனை வேண்டும். பேறுகாலத்தில் வெளியேறும் உதிரப்போக்கு சிறுநீரில் கலந்தால் சோதனை குழம்பிவிடும். வெள்ளணுக்கள் இருப்பதாகச் சோதனைப் பட்டை தவறாகக் காட்டும். எனவே நன்கு கழுவிய பின், முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு, இடைப்பகுதியைப் பிடிக்க வேண்டும்; அதைக் கல்ச்சர் சோதனைக்கு அனுப்ப வேண்டும். தண்ணீரும் தாழ்ப்பாளும் இல்லாத கழிப்பறையில் இதை எப்படிச் செய்வது? கல்ச்சருக்கு அனுப்பும் பழக்கமும் அரிது. கர்ப்பகாலப் பரிசோதனையில்கூட ஆரம்ப சுகாதார நிலையங்கள் வழக்கமாகப் பார்ப்பது சிறுநீரில் புரதமும் சர்க்கரையும் உள்ளனவா என்பதை. அறிகுறியின்றி உள்ளே இருக்கும் கிருமியைக் கல்ச்சர் மூலம் கண்டறிய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அதைக் கண்டறியாமல் விட்டால் பிரசவத்துக்கு முன்பே தொற்றோடு வார்டுக்குள் நுழைகிறாள் பெண்.

வீடு திரும்பிய பின்

இயல்பான பிரசவமாயின் 48 மணி நேரம் மருத்துவமனையில் வைத்திருக்க வேண்டும் என்பது நடைமுறை. 2011 ஜூன் 1 அன்று தொடங்கப்பட்ட ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் இயல்பான பிரசவத்துக்கு 3 நாளும் அறுவைக்கு 7 நாளும் இலவச உணவு தருகிறது; மருந்தும் சோதனையும் இலவசம். ஆனால் தொற்றின் எரிச்சலும் காய்ச்சலும் பல பெண்களுக்கு வெளிப்படத் தொடங்குவது வீட்டுக்கு வந்த பிறகு. அப்போது அந்தக் காய்ச்சலுக்கு வீட்டில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது: பால் கட்டிய காய்ச்சல். எரிச்சலுக்கும் பெயர் இருக்கிறது: சூடு, நீர்க்கடுப்பு. பெயர் இருப்பதால் நோய் மறைந்துபோகிறது.

நம் சமூகங்கள் அனைத்திலும், தலித் சமூகங்கள் உள்படப் பரவியுள்ள ஒரு வழக்கம் இந்நிலையை மோசமாக்குகிறது. பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரை அளந்து கொடுக்கிறார்கள். அதிகம் குடித்தால் வயிறு தொங்கிவிடும், குழந்தைக்குச் சளி பிடிக்கும், தையலில் சீழ் கோக்கும் என்கிறார்கள். பாலூட்டும் பெண்ணுக்கு நீர் கூடுதலாகத் தேவை. அடிக்கடி சிறுநீர் கழிப்பதே கிருமியை வெளியேற்றும் எளிய வழி. பத்தியம் என்ற பெயரில் நடக்கும் இத்தண்ணீர்த் தடையை நம் பெண்கள் அமைப்புகள் வெளிப்படையாக எதிர்க்க வேண்டும். மரபு நம்முடையது என்பதற்காக அதைக் கண்டும் காணாமல் இருப்பதற்கில்லை.

எனினும் தண்ணீரைப் பெண்கள் தாமாகவே குறைத்துக்கொள்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. கழிப்பறை இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் பட்டியல் சாதிக் குடும்பங்களில் மூன்றில் ஒரு பங்குக்கே வீட்டு வளாகத்தில் கழிப்பறை இருந்தது. குடிநீர் வளாகத்திலேயே கிடைத்தது 35 விழுக்காட்டினருக்கு மட்டும். எல்லாக் குடும்பங்களையும் சேர்த்துப் பார்த்தால் அது 47 விழுக்காடு. அதன்பின் தூய்மை இந்தியா இயக்கம் வந்தது. 2019 அக்டோபர் 2 அன்று கிராமப்புற இந்தியா திறந்தவெளி மலங்கழிப்பிலிருந்து விடுபட்டுவிட்டதாக அறிவிக்கப்பட்டது. அதையொட்டி நடந்த ஐந்தாம் குடும்பநல ஆய்வோ 19 விழுக்காடு குடும்பங்களுக்குக் கழிப்பறை வசதியே இல்லை என்று கண்டது. கட்டப்பட்டவற்றிலும் தண்ணீர் இணைப்பு இல்லாதவை விறகு வைக்கும் அறைகளாகிவிட்டதைக் காலனிகளில் நடந்து பார்த்தவர்கள் அறிவர். கழிப்பறை இல்லாத வீட்டுப் பெண் விடியுமுன் ஒரு தடவையும் இருட்டிய பின் ஒரு தடவையும் போகிறாள். இடைப்பட்ட பன்னிரண்டு மணி நேரத்தை அவள் சமாளிப்பது தண்ணீர் குடிக்காமல் இருப்பதன் மூலம். பிரசவித்துப் பத்து நாளான பெண்ணுக்கும் இதே கால அட்டவணைதான்.

நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்பது மருத்துவர் எழுதும் முதல் அறிவுரை. எந்தத் தண்ணீரை என்பதையும் கேட்க வேண்டியுள்ளது. புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது 2022 டிசம்பரில் வெளிவந்தது. குழந்தைகள் நோயுற்ற பிறகே அது தெரிந்தது. 11 மாநிலங்களின் 565 கிராமங்களில் ஆய்வு செய்து 2006இல் வெளிவந்த ஊரகத் தீண்டாமை குறித்த நூல், 48.4 விழுக்காடு கிராமங்களில் தலித்துகளுக்கு நீர்நிலைகள் மறுக்கப்பட்டதைப் பதிவு செய்தது.

அதே ஆய்வு சொன்ன மற்றொரு செய்தி இக்கட்டுரைக்கு இன்னும் நெருக்கமானது. மூன்றில் ஒரு பங்குக் கிராமங்களில் பொதுச் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குச் செல்ல மறுத்தனர். அது பழைய ஆய்வு. தமிழ்நாட்டின் கிராம சுகாதார செவிலியர்களில் தலித் பெண்களே கணிசமானவர்கள் என்பதால் அவ்விகிதத்தை அப்படியே இங்குப் பொருத்துவது நியாயமாகாது. ஆனாலும் வீட்டுக்கு வருவது என்றால் என்ன என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. 2011இல் வகுக்கப்பட்ட வீட்டுவழிப் பச்சிளங்குழந்தைப் பராமரிப்புத் திட்டப்படி மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள்களில் வீட்டில் சென்று பார்க்க வேண்டும். திட்டத்தின் பெயரே யாரைப் பார்க்கப் போகிறார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறது. காலனி முனையில் நின்று, தாய் சேய் நல அட்டையைக் கொண்டுவரச் சொல்லி, பிக்மி எண்ணைச் சரிபார்த்து, குழந்தையின் எடையைக் குறித்துக்கொண்டு போவதும் ஏட்டில் வருகையாகவே பதிவாகும். சிறுநீர் கழிக்கும்போது எரிகிறதா என்ற கேள்வியைத் திண்ணையில் மாமனாரும் கணவனும் கேட்டிருக்க, அட்டையை நீட்டிக்கொண்டு நிற்கும் பெண்ணிடம் கேட்க முடியாது. வீட்டுக்குள் வந்து, உட்கார்ந்து, கதவைச் சாத்திக் கேட்க வேண்டிய கேள்வி அது.

வேலைக்குத் திரும்பும் நாள்

1928 ஜூலையில் பம்பாய் மாகாணச் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதாவை ஆதரித்துப் பேசிய அண்ணல் அம்பேத்கர், பிரசவத்துக்கு முன்னும் பின்னும் பெண்ணுக்குக் கிடைக்கும் ஓய்வு பொதுநலன் சார்ந்தது, ஆகவே அதன் சுமையை ஏற்பதில் அரசுக்கே முதன்மைப் பொறுப்பு என்று வாதிட்டார். அடுத்த ஆண்டு அது சட்டமாயிற்று. ஆலைத் தொழிலாளர்களுக்கு மட்டும். வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைப் பொறுப்பேற்றபோது சுரங்கப் பெண்களின் மகப்பேறு நலத்திலும் அவர் கைவைத்தார். கிட்டத்தட்ட நூறாண்டு கழித்தும் வயலில் நிற்கும் பெண் அவ்வட்டத்துக்கு வெளியே நிற்கிறாள். 1961 மகப்பேறு நலச் சட்டம் 2017 திருத்தத்துக்குப் பின் 26 வார விடுப்பு தந்தது. அது பணியிடங்களைப் பற்றிய சட்டம், அதுவும் பத்துப் பேருக்குக் குறையாதவற்றைப் பற்றியது. நாற்று நடுபவளுக்கும் வீட்டுவேலை செய்பவளுக்கும் சித்தாளுக்கும் அது எட்டவில்லை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி தருகிறது. அதில் ஒரு பகுதி ஊட்டச்சத்துப் பெட்டகம். இந்தியாவின் பல மாநிலங்களோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகை. ஆனால் முதல் இரு பிரசவங்களுக்கு மட்டுமே கிடைக்கும். பிரசவத்துக்குப் பிந்தைய தவணை குழந்தையின் தடுப்பூசி அட்டவணையோடு கட்டப்பட்டுள்ளது. தாயின் உடலைச் சோதித்தார்களா என்பது எந்தத் தவணைக்கும் நிபந்தனையாக இல்லை. அது நிபந்தனையாக வேண்டும் என்றும் நான் கோரவில்லை. நிபந்தனை எதுவாயினும் அதன் பாரம் பெண்ணின் தலையிலேயே விழும். பணம் கைக்கு வரத் தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் அவளை வேலைக்குத் தள்ளும் வாரம் என்பதே இங்குச் சொல்ல வேண்டியது.

வேலைக்குப் போகும் இடத்தில் என்ன இருக்கிறது? 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, பணியிடத்தில் குடிநீர், குழந்தைகளுக்கும் ஓய்வுக்கும் நிழல், முதலுதவிப் பெட்டி ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது. கழிப்பறை அப்பட்டியலில் இல்லை. நூறு நாள் வேலைக்கு வந்தவர்களில் பெண்களே மிகுதி என்று ஆண்டுதோறும் பெருமையோடு அறிக்கை வெளியிட்ட அரசுகளுக்கு இது உறுத்தவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் துணிக்கடைப் பெண்கள் விஜியின் தலைமையில் பெண்கூட்டு என்ற அமைப்பாகத் திரண்டபோது, கழிப்பறையையே முதற் கோரிக்கைகளுள் ஒன்றாக வைத்தார்கள். நாள் முழுதும் அடக்கி அடக்கிச் சிறுநீர்த் தொற்றோடு வாழ்ந்தவர்கள் அவர்கள். அப்போராட்டத்தின் தொடர்ச்சியாக 2018இல் கேரளமும், 2021இல் தமிழ்நாடும் கடைப் பணியாளர்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாக்கின. கூரையுள்ள கடைக்கு வந்த அந்தச் சட்டம் வெட்டவெளி வயலுக்கு இன்னும் வரவில்லை.

‘சுத்தம்’ என்னும் சொல்

இத்தனையையும் மீறி ஒரு பெண் எரிச்சலோடும் காய்ச்சலோடும் மருத்துவமனைக்கு வந்துவிட்டால் அவள் கேட்கும் முதற் சொல் பெரும்பாலும் இதுவாக இருக்கிறது: சுத்தமா இருந்தா இதெல்லாம் ஏன் வருது?

இச்சொல்லை நாம் எளிதில் கடந்துபோகக் கூடாது. முன்னிருந்து பின்னாகக் கழுவுங்கள், ஈரத்துணியை மாற்றுங்கள் என்னும் அறிவுரைகளில் தவறேதும் இல்லை. ஆனால் மேலே கண்ட காரணங்களை ஒருமுறை அடுக்கிப் பாருங்கள்: தளர்ந்த சிறுநீர் நாளங்கள், உணர்விழந்த பை, நேரத்துக்கு எடுக்கப்படாத டியூப், தாழ்ப்பாளில்லாத கழிப்பறை, அளந்து கொடுத்த தண்ணீர், அடக்கிய பன்னிரண்டு மணி நேரம். இவற்றுள் எது அவளுடைய அசுத்தம்? கிருமி அவளது குடலிலிருந்தே வருகிறது. அக்ரகாரத்துப் பெண்ணின் குடலிலும் அதே கிருமிதான் இருக்கிறது. தொற்று என்பது உயிரியல் நிகழ்வு. அதை ஒழுக்கக் குறையாக மாற்றுவதற்கு நம் சமூகத்திடம் ஆயத்தமாக ஒரு கருவி இருக்கிறது. தீட்டு என்பது அதன் பெயர்.

பிரசவமே தீட்டாகக் கருதப்பட்ட நாட்டில், அதைக் கையால் தொடும் வேலை எவருக்கு ஒதுக்கப்பட்டது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். வட இந்தியச் சிற்றூர்கள் பலவற்றில் தொப்புள்கொடி அறுப்பதும் நஞ்சுக்கொடியைப் புதைப்பதும் தலித் பெண்களின் சாதித்தொழிலாக இருந்தன. தமிழகத்தில் அது நாவிதர் சமூகப் பெண்களிடம் விடப்பட்டிருந்தது. மருத்துவமனை அந்தச் சாதித்தொழிலை ஒழித்தது. அழுக்கையும் சாதியையும் ஒன்றாகப் பார்க்கும் கண்ணை அது ஒழித்துவிடவில்லை. குஜராத், இராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளின் மருத்துவ அணுக்கம் குறித்துச் சங்கமித்ரா ஆச்சார்யா 2010இல் வெளியிட்ட ஆய்வு, தொடாமல் மருந்து தருவதும் வீட்டுக்குள் நுழையாமல் நிற்பதும் பாகுபாட்டின் வழக்கமான வடிவங்கள் என்று விவரித்தது. சிறுநீர்த் தொற்றுள்ள பெண்ணைத் தொட்டுப் பார்க்காமல் நோயறிய முடியாது. விலாவில் தட்டிப் பார்த்தால்தான் சிறுநீரகம் வரை பரவிவிட்டதா என்பது தெரியும்.

திட்டு வாங்கிய பெண் மறுமுறை வருவதில்லை. மருந்துக் கடையில் நோயைச் சொல்லி இரண்டு மாத்திரை வாங்கிக்கொள்கிறாள். அரைகுறையாக உண்ட நுண்ணுயிர்க் கொல்லி எரிச்சலைத் தணிக்கிறது, கிருமியைப் பழக்குகிறது. சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகளுக்கு ஈ கோலை பெருமளவில் அடங்க மறுப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆண்டறிக்கைகள் தொடர்ந்து காட்டிவருகின்றன. பாலூட்டும் தாய்க்கு எல்லா மருந்தும் ஏற்றதும் அல்ல. பிறந்து ஒரு மாதம் ஆகாத குழந்தைக்குப் பால் கொடுக்கும் பெண்ணுக்கு நைட்ரோஃபுரன்டாயின் கொடுப்பதில்கூட எச்சரிக்கை தேவை. கடைக்காரர் இதைக் கேட்பதில்லை. கேட்க வேண்டிய இடம் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டது.

கணக்கில் வராதவர்கள்

தேசியக் குடும்பநல ஆய்வின் இரண்டாம் சுற்று (1998–99) சிறுநீர் கழிக்கையில் வலியோ எரிச்சலோ உண்டா என்று பெண்களிடம் கேட்டது. ஐந்தாம் சுற்றின் அறிக்கையில் அக்கேள்விக்கு இடமில்லை. மகப்பேறு இறப்பு விகிதத்தை மாநிலவாரியாக வெளியிடும் மாதிரிப் பதிவு முறை சாதிவாரியாக வெளியிடுவதில்லை. ஐக்கிய நாடுகள் பெண்கள் அமைப்பு 2018இல் வெளியிட்ட அறிக்கை, இந்தியாவில் தலித் பெண்களின் சராசரி இறப்பு வயது உயர்சாதிப் பெண்களைவிட 14.6 ஆண்டுகள் குறைவு என்றது. அந்த இடைவெளி எந்தெந்த நோய்களால், எந்தெந்த வயதில், எந்தெந்த வார்டுகளில் உருவாகிறது என்று காட்டும் கணக்கு எதுவும் அதற்குப் பின்னும் எடுக்கப்படவில்லை. தமிழ்நாட்டின் புகழ்பெற்ற மகப்பேறு இறப்பு விசாரணை முறை இறந்தவர்களைப் பற்றி மட்டுமே கேட்கிறது. ஆறு மாதம் குளிர்சுரத்தோடு களையெடுத்த பெண்ணைப் பற்றிக் கேட்க ஒரு படிவமும் இல்லை.

செய்ய வேண்டியவற்றில் பெரும்பாலானவை செலவற்றவை. பிரசவித்த 6 மணி நேரத்துக்குள் சிறுநீர் கழித்ததைக் கட்டில் அட்டையில் எழுதலாம். டியூப் போட்ட நேரத்தையும் எடுத்த நேரத்தையும் எழுதலாம். டியூப் போடப்பட்ட ஒவ்வொருவருக்கும் காய்ச்சலோ எரிச்சலோ வந்தால் கல்ச்சர் எடுப்பதை விதியாக்கலாம். வீடு தேடி வரும் செவிலியர் ஆறு வருகைகளிலும் தாயிடம் தனியே கேட்க வேண்டிய கேள்விகளில் இதைச் சேர்க்கலாம். கழிப்பறையும் தண்ணீரும் ஊதியத்துடன் ஓய்வும் செலவுள்ளவை. அவற்றுக்குப் போராட்டம் தேவை.

அதற்கு முன், கல்லூரி மாணவர்கள் உடனே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் தத்தம் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு ஒரு மனு எழுதலாம். 30 நாள்களுக்குள் விடை தர வேண்டியது சட்டப்படி கடமை. கேட்க வேண்டியவை இவை: பிரசவத்துக்குப் பிந்தைய வார்டில் எத்தனை கட்டில்கள், எத்தனை கழிப்பறைகள், அவற்றுள் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ளவை எத்தனை? கடந்த ஓராண்டில் அவ்வார்டிலிருந்து எத்தனை சிறுநீர் மாதிரிகள் கல்ச்சருக்கு அனுப்பப்பட்டன? காய்ச்சலோடு 42 நாள்களுக்குள் மீண்டும் சேர்க்கப்பட்ட தாய்மார்கள் எத்தனை பேர், அவர்களுள் பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்கள் எத்தனை பேர்? ஒரு பணிமுறையில் அவ்வார்டைத் தூய்மை செய்ய ஒப்பந்த நிறுவனம் எத்தனை பேரை அமர்த்தியிருக்கிறது, அவர்களுள் குழந்தை பெற்றவர்களுக்கு எத்தனை நாள் ஊதியத்துடன் விடுப்பு அளிக்கப்பட்டது?